உழுகிற டாங்கியும் ரேக் பிடித்த பெண்களும்

ஆவடியில் உள்ள போர் வாகன ஆய்வு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியின் முன்பக்கத்தில் ஒரு கலப்பையை மாட்டலாம். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கி முன்னேறும்போது, கலப்பையின் பற்கள் மண்ணுக்குள் இறங்கி வெடிகளைக் கிளறியெடுத்து ஓரமாக ஒதுக்கும். முழு அகலத்துக்கும் உழாது. இரண்டு சங்கிலிப் பட்டைகளும் பதியும் தடத்தை மட்டும் உழும்.

கலப்பை பட்டால் வெடிக்காதா? பெரும்பாலான கண்ணிவெடிகளுக்கு உச்சியில்தான் உயிர். மேலே உள்ள தகட்டை எடை அமுக்கினால் உள்ளே ஊசி இறங்கி வெடிப்பூட்டியைக் குத்தும். பக்கவாட்டிலோ அடியிலிருந்தோ தள்ளினால் தகடு அமுங்குவதில்லை. சில வேளை வெடிக்கத்தான் செய்யும். அதைத் தாங்கத்தான் அவ்வளவு இரும்பு.

ஒதுக்கிய வெடிகள் தடத்தின் ஓரத்து மண்ணில் உயிரோடு கிடக்கும். படை தாண்டிப் போய்விடும். போர் முடிந்து ஊர் திரும்புகிற விவசாயிக்குத் தடம் போதாது. வரப்பு, வாய்க்கால், கிணற்றடி என்று ஒவ்வொரு சாண் மண்ணும் வேண்டும்.

2017-இல் இதே ஆவடி நிறுவனம் ‘முந்த்ரா’ என்ற ஆளில்லா வாகனத்தை மூன்று வகைகளில் காட்டியது. அதில் ‘எம்’ வகை கண்ணிவெடியைக் கண்டறிவதற்கு. ராஜஸ்தானின் மகாஜன் களத்தில் 52 டிகிரி வெயிலில் சோதித்திருக்கிறார்கள். வெடிக்கு அருகே மனித உடலே போகவேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் கண்டுபிடிப்பது என்ற வேலை அப்படியே கடினமாகத்தான் இருக்கிறது.

காரணம், பல வெடிகளில் உலோகம் அநேகமாக இல்லை. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பொருள். உலோகம் என்று மிகச் சிறிய பாகம்தான் உள்ளே உண்டு. உலோகங்காட்டியின் கம்பிச்சுருள் மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, எதிர்ப்புலம் திரும்பி வந்து கருவி ஒலிக்கும். துளி உலோகத்துக்கும் ஒலிக்கும்படி கூர்மையாக்கினால், போர்க்களத்தில் சிதறிய ஒவ்வொரு எறிகணைத் துண்டுக்கும் அது கத்தும். ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டும். ஆனால் ஈர மண் ரேடியோ அலைகளை விழுங்கிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில், ஏ-9 சாலை ஓரத்தில் இருக்கும் முகமாலையில் நடந்தது இதுதான். வருடக்கணக்கில் அங்கே போர் முன்னரண் இருந்தது. இலங்கை ராணுவத்தின் பி-4, விடுதலைப் புலிகள் மரப்பெட்டியில் செய்த ‘ஜொனி’ மிதிவெடி, இரண்டும் இரும்புச் சிதறலோடு கலந்து கிடந்தன.

அங்கே கைகொடுத்தது தோட்டத்து ரேக். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நார்வே மக்கள் உதவி அமைப்பு இலங்கையில் இந்த முறையை வளர்த்தெடுத்தது. முகக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்தவர், துப்புரவான நிலத்தில் நின்றபடி நீண்ட பிடியுள்ள கனத்த ரேக்கால் முன்னே உள்ள மண்ணைப் பொலபொலவென்று உடைக்கிறார். பிறகு மெல்லிய ரேக்கால் அதைத் தன் பக்கம் இழுக்கிறார். மேலிருந்து ஒரு குத்தும் இல்லை. மண் சரியும்போது வெடியின் பக்கவாட்டு விளிம்புதான் முதலில் தெரியும். டாங்கியின் கலப்பை நம்புகிற அதே உண்மையைத்தான் இந்தக் கையும் நம்புகிறது. கண்ட இடத்தில் குறி வைத்து, பிறகு வெடிமருந்து வைத்துத் தகர்ப்பார்கள். ஒரு நாள் முழுதும் வேலை செய்தால் நகர்வது சில சதுர மீட்டர். கண்ணிவெடி அகற்றும் ஹாலோ டிரஸ்ட் அமைப்பின் குழுக்களில் இதைச் செய்பவர்களில் பலர் பெண்கள். போரில் கணவனை இழந்தவர்களும் உண்டு. இந்திய முன்னாள் ராணுவத்தினரின் ஹொரைசன், சர்வத்ரா அமைப்புகளும் வடக்கில் உழைத்திருக்கின்றன.

இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2028 ஜூன் 1-க்குள் நிலத்தை முழுதும் துப்புரவாக்கக் கெடு. இந்தியா இன்னும் சேரவில்லை. 2001 டிசம்பருக்குப் பின், எல்லையில் படை குவித்த ‘ஆபரேஷன் பராக்ரம்’ நாட்களில் பஞ்சாப், ராஜஸ்தான் எல்லை வயல்களில் நாமே வெடி புதைத்து, நாமே தோண்டினோம். அந்த அனுபவமே சேர்வதற்குப் போதுமான காரணம் என்பேன்.

ஆவடியில் மூளைக்கும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. சேற்று மண்ணில், பனை வேர்களுக்கிடையே, துளி உலோகம் மட்டுமே உள்ள ஒரு வெடியை அடையாளம் கண்டு, அதை ஓரத்தில் தள்ளாமல் நிற்கிற வாகனம் ஒன்றை அங்கிருந்து எதிர்பார்க்கிறேன்.