மோட்டார் வண்டியின் புகைவாயும் அதன் இடமும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் மாந்தர் கண்ணிற்கு இறுதியிற் படுவது அதன் புகைக்குழாயின் வாயாகும். முகவிளக்கையும் சில்லையும் நாடோறும் துடைத்துப் பேணுவோரும் அதனைக் குனிந்து நோக்குதல் அரிது. ஆயினும், பழைய வண்டியொன்றைப் புதுக்க முற்படும்போது அவ்வாயை எங்கே அமைப்பது என்னும் வினா எழுந்தே தீரும். அழகொன்றையே கருதி அதற்கு விடை காண்போர், பின்னாசனத்தில் இருப்போரின் மூச்சை மறந்தவராவர்.

புகைவாய் அமைதற்குரிய இடங்கள் மூன்று. வண்டியின் பின்புறத்தே பம்பரின் கீழாக நேரே வெளிப்படுதல் ஒன்று. பின்சில்லுக்கு அப்பால் மூலையில் வளைந்து வெளிப்படுதல் மற்றொன்று. பின்சில்லுக்கு முன்னாகப் பக்கவாட்டில் வெளிப்படுதல் மூன்றாவது. 1960களில் அமெரிக்காவில் எழுந்த, 'மசில் கார்' எனப்படும் பேராற்றல் வண்டிகளிலும் அவற்றை யொத்த விளையாட்டு வண்டிகளிலும் இம்மூன்றனையும் காணலாம். 1965ஆம் ஆண்டின் மஸ்டாங் ஜீ.ரீ. வண்டியிற் குழாய்கள் பின்புறத் தகட்டினூடே வெளிப்பட்டன. பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. வண்டிக்குப் பின்சில்லின் அப்பால் வெளிப்படும் கவர்வாய்கள் கிடைத்தன. அதே 1965இல் வந்த ஷெல்பி ஜீ.ரீ. 350 பக்கக் குழாய்களைக் கொண்டிருந்தது. பின்னர் அவை பின்புறத்துக்கு மாற்றப்பட்டன.

இலங்கையில் இத்தகைய அமெரிக்க வண்டிகள் அரியவை. இங்கு பழைமை போற்றுவோர் பெரிதும் பேணுவன மொரிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய ஆங்கில வண்டிகளே. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் இன்றும் இந்நாட்டு வீதிகளில் ஓடுகின்றது. வண்டி எதுவாயினும் புகையின் இயல்பு ஒன்றே. ஆதலின் அமெரிக்க வண்டிக்குரிய நியதி திருக்கோணமலையில் ஓடும் மொரிஸ் வண்டிக்கும் பொருந்தும்.

முதலிற் கருதத்தக்கது உயிர்க் காப்பு. பெற்றோல் முற்றாக எரியாதவிடத்துக் காபனோரொட்சைட்டு என்னும் வாயு தோன்றுகின்றது. இதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேலான பற்றுடன் இஃது இணையும். தலைநோவும் உறக்கமும் வருமேயன்றி மூக்கு எச்சரிக்கை தாராது. புகையைத் தூய்மையாக்கும் ஊக்கிக் கருவி பழைய வண்டிகளில் இல்லாமையால் அவற்றின் புகையில் இவ்வாயு மிகுதியாகும்.

ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைந்த ஒரு சுழிப்பு உண்டாகும். பின்புறம் நிமிர்ந்து தட்டையாகவுள்ள வண்டிகளில் இச்சுழிப்புப் பெரிது. புகைவாய் டிக்கியின் அடியிலேயே முடிந்துவிடின், புகை அச்சுழிப்பிற் சிக்கிப் பின்கண்ணாடியின் வழியாகவோ தேய்ந்த இறப்பர் விளிம்பின் வழியாகவோ உள்ளே இழுக்கப்படும். ஆகவே புகைவாய் உடற்றகட்டின் விளிம்பைக் கடந்து வெளியே நீளுதல் வேண்டும்.

இவ்விடத்துத் துறைமுகப் பகுதிக்கே உரிய இடரொன்றைக் கூறுதல் தகும். கடற்காற்றின் உப்பு இரும்பை விரைந்து அரிக்கும். உட்டுறைமுக வீதியிலோ டச்சுக்குடாவின் அருகிலோ பல்லாண்டு நின்ற வண்டியின் அடித்தகட்டை விரிப்பை நீக்கிப் பார்த்தல் வேண்டும். அங்கே துளை விழுந்திருப்பின், பக்கக் குழாயிலிருந்து எழும் புகையும், இடைவழியிற் கசியும் புகையும் நேரே ஆசனத்தின் கீழ் எழும். துளையை அடைக்காமற் புகைவாயை மாற்றுதல் ஓட்டைப் பானைக்கு மூடி தேடுவதை ஒக்கும்.

பக்க வாயிற்கு வேறொரு தடையும் உண்டு. இலங்கையில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வன. எனவே இடப்பக்க வாய் நடைபாதையிற் செல்வோரின் கால்மீதும், சிறுவரின் முகத்துக்கு அண்மையிலும் வெம்புகையை வீசும். வலப்புறமாகச் செல்லும் அமெரிக்க நாட்டு வண்டியின் படத்தைப் பார்த்து இங்கே அமைப்போர் இவ்வேற்றுமையை உணர்தல் வேண்டும். அன்றியும், பக்க வாய் ஓட்டுநரின் செவிக்கு அண்மையிலிருப்பதால் நெடும்பயணத்தில் அதன் இரைச்சல் களைப்பை விளைக்கும்.

இரண்டாவது கருதத்தக்கது இடைவெளி. பின்சில்லு நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து குழாயின் அடிவரை ஒரு கோடு வரைந்தால், அக்கோடு நிலத்தோடு அமைக்கும் கோணம் வண்டி எத்துணைச் சரிவில் ஏறியிறங்கலாம் என்பதைக் காட்டும். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை வாகனங்கள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியே கடந்தன. அத்தகைய துறைச் சரிவில், தாழ்ந்து நீண்ட குழாயே முதலில் நிலத்தில் இடிபடும். ஆதலின் வாய் விளிம்பைக் கடத்தல் வேண்டும். ஆனால் வேண்டிய அளவுக்கு மேல் நீளலாகாது.

வெப்பத்தால் இரும்பு நீளும் என்பது மாணவர் அறிந்ததே. பத்தடி நீளமான உருக்குக் குழாய், வெப்பநிலை 300 பாகை செல்சியஸ் உயரின், ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் நீளும். இயந்திரமும் இறப்பர் தாங்கிகளின்மேல் ஆடும். எனவே குளிர்ந்த நிலையிற் பம்பரை ஒட்டி அழகாகப் பொருந்திய வாய், ஓடும்போது அதனை மோதி ஒலிக்கும், வண்ணப்பூச்சையும் கருக்கும். சுற்றிலும் விரலொன்று தாராளமாக நுழையும் இடைவெளி வேண்டும்.

மூன்றாவது நீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரும் நீராவியாய்த் தோன்றும். வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்குமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டியிற் குழாய் போதிய வெப்பமடையாமையால் அந்நீர் உள்ளே தங்கி இரும்பைத் தின்னும். வெளியே உப்பும் உள்ளே நீரும் சேர்ந்து அரிக்க, குழாயின் ஆயுள் குறுகும். வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சரித்தால் நீர் வடியும், மழைநீரும் புகாது. நேர் கீழாகத் திருப்பினாலோ மணலும் தூசும் கிளம்பும்.

அலங்கார முனையினால் ஆற்றல் பெருகும் என்பது பிழையான எண்ணம். உள்விட்டம் குழாயினதிலும் குறுகாதிருத்தலே முனைக்கு வேண்டிய இலக்கணம்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, குடும்பத்தார் ஏறிச் செல்லும் பழைய வண்டிக்குப் பின்புற வாயே பொருத்தமாகும். அது விளிம்பைச் சிறிது கடந்து, சிறிது சரிந்து, நாற்புறமும் இடைவெளி கொண்டு, வீதியின் நடுப்பக்கமாக அமைதல் நன்று. ஒன்றா இரண்டா, வட்டமா நீள்வட்டமா என்னும் ஆராய்ச்சி அதன் பின்னரே எழத்தக்கது. பின்னாசனத்திற் குழந்தை உறங்குமாயின், அவ்வுறக்கம் களைப்பினால் வந்ததா புகையினால் வந்ததா என்ற ஐயத்துக்கு இடமளியாத வண்டியே செவ்வனே புதுக்கப்பட்ட வண்டியாகும்.