நெருப்புக்குப் பின்னே ஒரு சித்திரம்

ஐரோப்பாவின் பழைய வீடுகளில் குளிர்காயும் கணப்பின் பின்சுவரை ஒட்டி, கனத்த வார்ப்பிரும்புத் தகடு ஒன்று நிற்கும். செங்கல் சுவர் வெந்து உதிராமல் அது காக்கும். உள்வாங்கிய சூட்டை அறைக்குத் திருப்பித் தருவதும் அதுவே. தணல் அடங்கிய பிறகும் கதகதப்பு நீடிக்கும்.

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதி 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய தகடுகளை வார்ப்பதற்குப் பேர்போனதாக இருந்தது. ஈரமணலைச் சமமாகப் பரப்பி, மரத்தில் செதுக்கிய அச்சை அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றினார்கள். தொடக்கத்தில் கயிற்றுத் துண்டை மணலில் பதித்தே அழகான முறுக்குக் கரை போட்டார்கள். பிறகு அரச சின்னங்கள், விவிலியக் காட்சிகள் எல்லாம் வந்தன. 1651-இல் போரில் தோற்றோடிய அரசர் இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த ஓக் மரமும் தகடேறியது.

அரசர்களைவிட அருமையானவர் ரிச்சர்ட் லெனார்ட். பிரீட் என்ற ஊர் உலையின் வார்ப்புத் தொழிலாளி. 1636-இல் வார்த்த தகட்டில், கையில் சுத்தியல், பக்கத்தில் உலை, கூடவே நாய் என்று அவரே நிற்கிறார். பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உழைப்பாளி ஒருவர் தன் உருவத்தையே இரும்பில் நிறுத்திய துணிச்சல் அது!

பிரான்சில் புரட்சி வந்தபோது அரச சின்னங்கள் எங்கும் இருக்கக் கூடாது என்றார்கள். அவை பொறித்த கனத்த கணப்புத் தகட்டை வீசிவிட மனமில்லாத பலர், சித்திரம் சுவரைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்துவிட்டு, வழக்கம்போல் விறகை அடுக்கினார்கள்.