உங்களுக்குத் தெரியுமா? எண்ணூர்க் கழிமுகம் இன்னும் சாகவில்லை

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தைச் செத்துப்போன நீர் என்று பலரும் கைகழுவிவிடுகிறார்கள். ஆனால், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் அங்கே சேற்றில் அலகை நுழைத்துப் புழு தேடுகின்றன. அதே கழியில்தான் காட்டுக்குப்பம் மீனவர்கள் இறால் பிடிக்கிறார்கள். 'பறவைதான் வருகிறதே, மாசு எங்கே?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், பறவை வருவதாலேயே மாசு இல்லை என்று ஆகிவிடாது. கொசஸ்தலை ஆற்று நீரும் கடலின் ஏற்றவற்றமும் மாறி மாறி வந்துபோவதால்தான் சேற்றில் உயிர் தங்குகிறது. சாம்பலும் மண்ணும் நீர் வந்துபோகும் அந்த வழியைத் தூர்த்துவிட்டால் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழியில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்தது. வரும் பறவையைக் காட்டி மாசை மறைக்க வேண்டாம்; கழியில் கழிவு இறங்குவதை அரசு முதலில் நிறுத்த வேண்டும்.