கேலிக்கும் சீண்டலுக்கும் கோடு போடுவது யார்?

2016 நவம்பர் 25. ஜோர்ஜ் டவுன் இலக்கிய விழாவையொட்டி, கொம்தாரில் கேலிச்சித்திரக் கலைஞர் ஸூனாரின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அன்றைய பிரதமர் நஜிப்பையும் 1எம்டிபி விவகாரத்தையும் கிண்டலடிக்கும் படங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒரு கும்பல் உள்ளே புகுந்து கூச்சல் போட்டது; கண்காட்சியை மூடச் சொன்னது. மறுநாள் ஸூனார் கைதானார். தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் விசாரணை என்றார்கள். படங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. ஓர் இரவு தடுப்புக் காவலுக்குப் பிறகுதான் அவரை வெளியே விட்டார்கள்.

நடந்தது அநியாயமோ நியாயமோ, அது எல்லாருடைய கண் முன்னே நடந்தது. யார் வந்தார்கள், எதை எடுத்துப் போனார்கள், எந்தச் சட்டத்தைக் காட்டினார்கள் என்பது பினாங்கு முழுக்கத் தெரியும். பத்திரிகையில் வந்தது. வழக்கறிஞர் வந்தார்.

இன்று அதே மாதிரி ஒரு படம் முகநூலிலோ டிக் டோக்கிலோ போடப்பட்டால், மண்டபத்துக்குள் யாரும் புகத் தேவையில்லை. ஒருநாள் காலையில் படம் இருக்காது. "விதிமுறையை மீறியது" என்று ஒரு வரி வரும். அல்லது படம் அப்படியே இருக்கும், மலேசியாவில் உள்ளவர்களின் கண்ணுக்கு மட்டும் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் மாமா பார்ப்பார். பட்டர்வொர்த்தில் இருக்கும் மருமகனுக்குத் தெரியாது.

பதிவைப் பார்த்து, விடலாமா எடுக்கலாமா என்று முடிவு செய்யும் இந்த வேலைக்குத்தான் மட்டுறுத்தல் என்று பெயர். முதலில் பார்ப்பது பெரும்பாலும் இயந்திரம். தடை செய்யப்பட்ட சொல், ஏற்கெனவே நீக்கப்பட்ட படத்தின் சாயல், ஒரே நேரத்தில் குவியும் புகார்கள் ஆகியவற்றை அது கவனிக்கிறது. சிக்கலானவை மனிதரிடம் போகின்றன. இன்னொரு வழி அரசாங்கம். மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையம், உள்நாட்டுச் சட்டத்தை மீறுவதாகக் குறிப்பிட்டு ஒரு பதிவை எடுக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதலாம். நிறுவனம் அதை ஏற்றால், இந்த நாட்டுக்குள் மட்டும் மறைத்துவிடும்.

2023-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மெட்டா நிறுவனம் இப்படி முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் சுமார் 3,100 பக்கங்களையும் பதிவுகளையும் மலேசியப் பயனர்களிடமிருந்து மறைத்தது. முந்தைய அரையாண்டைக் காட்டிலும் இது ஆறு மடங்கு. அதே காலத்தில் டிக் டோக்கிற்கு அரசாங்கத்திடமிருந்து 340 கோரிக்கைகள் போயின. அவற்றில் பெரும்பாலானவை இணைய மோசடி, சூதாட்டம் தொடர்பானவை, விமர்சனத்தை அடக்க அல்ல என்று தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த 3,100-இல் சூதாட்ட விளம்பரம் எத்தனை, கேலிப் படம் எத்தனை என்று பொதுமக்கள் எண்ணிப் பார்க்க வழியில்லை. கொம்தாரில் பறிபோன படங்களையாவது எண்ண முடிந்தது.

இதே அமைச்சருக்குப் பழைய கதை ஒன்று உண்டு. அரசியல் ஆர்வலராக இருந்த 2011-இல், டுவிட்டரில் போட்ட ஒரு பதிவுக்காக அவதூறு வழக்கைச் சந்தித்தார். சமரச முடிவு என்ன தெரியுமா? டுவிட்டரில் 100 முறை மன்னிப்புப் பதிவு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நூறு தடவை எழுதச் சொல்வது போல, மூன்று நாள் உட்கார்ந்து பதிவிட்டார்.

பெரிய இடத்துப் பதிவும் தப்புவதில்லை. 2024 ஜூலை 31-இல் ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே கொல்லப்பட்டபோது பிரதமர் அன்வார் இப்ராஹிம் போட்ட இரங்கல் பதிவுகளை மெட்டா நீக்கியது. பிரதமர் அலுவலகம் விளக்கம் கேட்டது. செயல்பாட்டுத் தவறு நடந்துவிட்டது என்று சொல்லி மெட்டா மன்னிப்புக் கேட்டது. பதிவுகளும் திரும்பி வந்தன. பிரதமருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் கிடைத்தது. நிபோங் தெபாலில் சாலைக் குழியைக் கிண்டலடித்து படம் போட்டவருக்கு அந்த வசதி இல்லை.

நையாண்டி ஏன் மாட்டுகிறது?

நம் கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைப் புகழ்வது போலவே நையாண்டி செய்வான். வாய் ஒன்று சொல்லும், பொருள் வேறாக இருக்கும். கூட்டம் சிரிக்கும், ஏனென்றால் கூட்டத்துக்கு ராஜாவையும் தெரியும், கட்டியக்காரனையும் தெரியும். இயந்திரத்துக்கு வாய் சொன்னது மட்டும்தான் தெரியும். குழிக்குள் பாதி இறங்கிய மோட்டார் சைக்கிள் படத்தைப் போட்டு "எங்க ரோடு லண்டன் ரோடு" என்று எழுதினால், அது பாராட்டா கேலியா என்று கண்டுபிடிக்க ஊர்க்காரராக இருக்க வேண்டும். தமிழை ரோமன் எழுத்தில் எழுதி, நடுவில் மலாய்ச் சொல் ஒன்றும் ஹொக்கியன் வசவு ஒன்றும் போட்டால், தமிழ்நாட்டில் இருந்து பார்க்கும் ஒரு தமிழருக்கே விளங்காது.

இதே சிக்கல் உலக அளவில் 2021-இல் பேசப்பட்டது. ஆர்மீனிய இனப்படுகொலையைத் துருக்கி அரசு மறுப்பதைக் கேலி செய்து அமெரிக்காவில் ஒருவர் போட்ட மீம் படத்தை, வெறுப்புப் பேச்சு என்று முகநூல் நீக்கிவிட்டது. மெட்டாவின் முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் மேற்பார்வை வாரியம் அந்த ஆண்டு மே மாதம் அதைத் தவறு என்று சொல்லி, நையாண்டிக்கு விதியிலேயே விலக்கு எழுத வேண்டும் என்றது. மெட்டா அதைச் சேர்த்தது. அதாவது, விதியில் இடம் இருக்கிறது. அந்த விதியைப் பொருத்திப் பார்க்கும் ஆளுக்கு ஊரும் மொழியும் தெரிய வேண்டும், படத்தை நிதானமாகப் பார்க்க நேரமும் வேண்டும். 2024 அக்டோபரில் டிக் டோக் மலேசியாவில் ஏறத்தாழ 500 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. பலர் மட்டுறுத்தல் பணியில் இருந்தவர்கள். அந்த வேலை செயற்கை நுண்ணறிவின் பக்கம் நகர்கிறது.

எக்ஸ் தளம் வேறு வழியில் போனது. 2022 நவம்பரில் எட்டு டாலர் கட்டினால் நீலக் குறி என்று எலோன் மஸ்க் அறிவித்ததும், எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் போலிக் கணக்கு தொடங்கி "இனி இன்சுலின் இலவசம்" என்று போட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளி அதைப் படித்திருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது. 2025 ஏப்ரலில் இருந்து, கேலிக் கணக்கு வைத்திருப்பவர் அது கேலி என்பதைப் பெயரின் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். அசல் கணக்கின் முகப்புப் படத்தையும் பயன்படுத்தக் கூடாது. நகைச்சுவைக்கு முன்னால் "இது நகைச்சுவை" என்று பலகை மாட்டுவது கொஞ்சம் அசடாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்சுலின் கதைக்குப் பிறகு அந்தப் பலகையைக் குறை சொல்ல முடியவில்லை.

பெயர் போட்டவனும் முகமூடிக்காரனும்

2016 ஜனவரியில் கலைஞர் ஃபாமி ரெஸா, நஜிப்பின் முகத்தைக் கோமாளி முகமாக வரைந்து சொந்தப் பெயரில் பதிவிட்டார். தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் வழக்கு. 2018 பிப்ரவரியில் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சிறையை ரத்துசெய்து அபராதத்தை 10,000 வெள்ளியாகக் குறைத்தது. ஸூனார் மீது 2015-இல் போடப்பட்ட ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகளும் டுவிட்டர் பதிவுகளுக்காகத்தான். எல்லாம் நிரூபணமாகியிருந்தால் 43 ஆண்டு வரை சிறை. ஆட்சி மாறிய பிறகு, 2018 ஜூலை 30-இல் விடுவிக்கப்பட்டார்.

இருவரும் பெயரையும் முகத்தையும் மறைக்கவில்லை. அதனால்தான் சுலபமாகப் பிடிபட்டார்கள்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது 2022 ஆகஸ்டில் மெட்டா வெளியிட்ட அறிக்கை. மலேசியாவில் 596 முகநூல் கணக்குகள், 180 பக்கங்கள், 11 குழுக்கள், 72 இன்ஸ்டாகிராம் கணக்குகள் நீக்கப்பட்டதாக அது சொன்னது. அப்போதைய ஆளும் கூட்டணியைப் புகழ்ந்தும், அதன் விமர்சகர்களை ஊழல்வாதிகள் என்று சாடியும் மலாயில் மீம் போட்ட கணக்குகள் அவை. சில பக்கங்கள் சுதந்திரச் செய்தி நிறுவனம் போல நடித்தன. இந்த வலையமைப்புக்கு அரச மலேசிய போலீஸ் படையுடன் தொடர்பு இருப்பது தன் விசாரணையில் தெரிந்ததாக மெட்டா கூறியது. ஏறத்தாழ 427,000 கணக்குகள் அந்தப் பக்கங்களில் ஒன்றையாவது பின்தொடர்ந்திருந்தன.

அவையும் மீம் படங்கள்தான். வெளித்தோற்றத்தில் ஃபாமி ரெஸாவின் படத்துக்கும் அவற்றுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஒரே ஆள் பல பேராக நடித்து, ஊரே சொல்கிறது என்று காட்டுவதுதான் அங்கே குற்றம். இதைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கணக்குகளின் நடத்தையைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

மூன்றாவது வகைதான் நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. டிக் டோக்கில் அறியப்பட்ட ஈஷா, நேரலைகளில் தொடர்ந்து வந்த வசைகளுக்கும் மிரட்டல்களுக்கும் பிறகு 2024 ஜூலை 5-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். முதல் நாள் போலீசில் புகார் கொடுத்திருந்தார். அந்த நேரலைகள் தமிழில் நடந்தவை. வழக்கில் ஒரு பெண்ணுக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டப்படி கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம். அந்தப் பிரிவில் உச்சத் தண்டனையே அவ்வளவுதான். இன்னொருவருக்குச் சிறை கிடைத்தது. 100 வெள்ளி என்று கேட்டுத் தோட்டம் தொட்டு நகரம் வரை தமிழர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தின் விளைவாக தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் பகடிவதை தனிக் குற்றமாகியிருக்கிறது. அதனால் ஒருவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டால் 10 ஆண்டு வரை சிறை.

கோமாளி வேடம் போட்ட பிரதமரின் படத்துக்கு 30,000 வெள்ளி, ஒரு தமிழ்ப் பெண்ணைத் துரத்திய வசைக்கு 100 வெள்ளி. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, சட்டம் கடுமையானால் மட்டும் போதும் என்று சொல்ல மனம் வரவில்லை. கடுமை யார் மேல் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

இப்போது உள்ள சட்டம்

2025 ஜனவரி 1 முதல், மலேசியாவில் 80 லட்சம் அல்லது அதற்கு மேல் பயனர்களைக் கொண்ட தளங்களுக்கு உரிமம் தேவை. பிப்ரவரி 11-இல் 233-ஆவது பிரிவு திருத்தப்பட்டது: "புண்படுத்தும்" என்ற இடத்தில் "மிகக் கடுமையாகப் புண்படுத்தும்" என்று வந்தது, அபராத வரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சமாகவும், சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்ந்தது. 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம். சிறார் பாலியல் கொடுமை, பண மோசடி, தொல்லை தரும் வசை போன்றவற்றைத் தடுக்கத் தளங்களே பொறுப்பேற்க வேண்டும். தவறினால் 1 கோடி வெள்ளி வரை அபராதம். தீங்கான உள்ளடக்கப் பட்டியலில் "பொதுமக்களிடையே பகைமை தூண்டுவது" என்பதும் இருக்கிறது. தனிப்பட்ட புலன உரையாடல் இந்தச் சட்டத்தில் அடங்காது. ஆனால் 233-ஆவது பிரிவு அங்கேயும் பாயலாம். வந்ததை அப்படியே அனுப்பினேன் என்பது பதிலாகாது.

ஈஷா போன்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு தேவை என்பதில் சந்தேகமில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. எடுக்க வேண்டியதை எடுக்காவிட்டால் தளத்துக்கு அபராதம். எடுக்கக் கூடாத ஒரு கேலிப் படத்தை எடுத்தால் எதுவும் இல்லை. கணக்குப் போடும் நிறுவனம் என்ன செய்யும்? சந்தேகம் வந்தால் எடுத்துவிடும். மலேசியாவின் சொந்த உள்ளடக்க நெறிமுறையே, பொய்ச் செய்தியைப் பற்றிப் பேசுமிடத்தில் நையாண்டிக்கும் பகடிக்கும் விலக்கு தருகிறது. அது பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்குடன் திருப்பி அனுப்பப்பட்டதை வைத்து, டிரம்ப் அருகே மோடி விலங்குடன் உட்கார்ந்திருப்பது போல விகடன் ப்ளஸ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. 2025 பிப்ரவரி 15-இல் விகடன் இணையதளமே முடங்கியது. ஒரு படத்துக்காக மொத்த ஆவணக் கிடங்கும் மூடப்பட்டது. மார்ச் 6-இல் சென்னை உயர்நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பிய ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனின் பத்திரிகைதான் அது.

பதிவு நீக்கப்பட்டால் முதலில் செய்ய வேண்டியது, அறிவிப்பைத் திரைப்படம் பிடித்து வைப்பது. நீக்கியது தளத்தின் சொந்த விதிப்படியா, நாட்டுச் சட்டப்படியா என்று அதில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் முறையீட்டு வழி வேறு. தளத்தின் விதி என்றால் மேல்முறையீடு செய்து, இது நையாண்டி, இன்னாரைப் பற்றியது, இந்தச் செய்தியை ஒட்டியது என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும். மறுபரிசீலனை செய்பவருக்கு ஊர் தெரியாது என்பதை மனத்தில் வைத்து எழுதுவது நல்லது. சீண்டலுக்கு ஆளானவர் நேரலையையும் கணக்கின் பெயரையும் நேரத்தையும் பதிவு செய்து, தளத்திடமும் ஆணையத்திடமும் போலீசிடமும் மூன்று இடத்திலும் புகார் கொடுக்க வேண்டும். வசை தமிழில் இருந்தால், அதன் பொருளை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி இணைத்துவிட வேண்டும். புகாரைப் படிப்பவருக்கு அந்தச் சொல்லின் கடுமை தெரியாமலே கோப்பு மூடப்படலாம்.