வானத்தின் வர்ணத்தைப் பிடிக்கும் கறுப்பு–வெள்ளை காமிரா!

செந்நிற மேகம். அதன் நடுவே நீல ஒளி. சுற்றிலும் வைரப் பொடி தூவியதுபோல் நட்சத்திரங்கள்.

இத்தகைய வானப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "அடேயப்பா! எவ்வளவு உயர்ந்த கலர் காமிராவில் எடுத்தார்களோ!" என்று வியந்தும் இருப்பீர்கள்.

விஷயம் வேறு. அவற்றில் பல, கறுப்பு–வெள்ளை காமிராவில் எடுத்தவை!

இந்தக் காமிராவைச் சாதாரண மக்களும் இன்று வாங்க முடியும். ஆனால் விலை அதிகம். பெரிய காமிரா என்றால் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். ஆகவே பார்த்து வாங்க வேண்டும்.

சேலம் பக்கத்து மக்களுக்கு ஒரு வசதி உண்டு. தலைக்கு மேலேயே சேர்வராயன் மலை இருக்கிறது. சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் ஏற்காடு. அங்கிருந்து படம் எடுக்க எந்தக் காமிரா ஏற்றது? பார்க்கலாம்.

மூன்று கண்ணாடி, ஒரு படம்

1861-ம் ஆண்டு. லண்டனில் மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி ஒரு வேடிக்கை காட்டினார்.

ஒரு வர்ண ரிப்பனை மூன்று தடவை படம் எடுக்கச் செய்தார். சிவப்புக் கண்ணாடி வழியாக ஒன்று. பச்சைக் கண்ணாடி வழியாக ஒன்று. நீலக் கண்ணாடி வழியாக ஒன்று. மூன்றுமே கறுப்பு–வெள்ளைப் படங்கள். அவற்றை அதே நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார். ரிப்பன் வர்ணத்தில் தெரிந்தது!

இன்றைய வானப் படமும் இதே முறைதான். அந்த வர்ணக் கண்ணாடிக்குத்தான் 'பில்டர்' என்று பெயர்.

அப்படியானால் கலர் காமிராவில் என்ன குறை?

காமிராவுக்குள் ஒளியை வாங்கும் சிறு கட்டங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. கலர் காமிராவில் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு வர்ணப் பூச்சு உண்டு. 4 கட்டங்களில் இரண்டு பச்சை. ஒன்று சிவப்பு. ஒன்று நீலம்.

வானத்து ஹைட்ரஜன் மேகம் சிவப்பாக ஒளிர்வது. அதைப் படம் எடுத்தால், நாலில் ஒரு கட்டம்தான் நன்றாக வேலை செய்யும். மற்ற மூன்றும் ஏறக்குறைய சும்மா இருக்கும். கறுப்பு–வெள்ளை காமிராவில் நாலும் வேலை செய்யும்.

குளிர்ச்சி எதற்கு?

வானப் படத்துக்கு ஒரு நொடி போதாது. ஒரே படத்துக்கு 5 நிமிடம்கூட ஆகும். அப்படிப் பல படங்கள் எடுத்துச் சேர்க்க வேண்டும்.

அவ்வளவு நேரத்தில் காமிரா சூடாகிறது. அந்தச் சூட்டினால் படத்தில் பொய்ப் புள்ளிகள் விழுகின்றன. எது நட்சத்திரம், எது பொய் என்று தெரியாமல் போகும்.

சூடு 6 அல்லது 7 டிகிரி குறைந்தால், இந்தத் தொல்லை சுமார் பாதியாகிவிடும். அதனால்தான் காமிராவுக்குள் மின்சாரத்தால் குளிரும் தகடு வைக்கிறார்கள்.

விற்பனைக்கு உள்ள பல காமிராக்கள், வெளிக்காற்றைவிட 35 டிகிரி வரை குளிரும். இரவில் சேலத்தில் 30 டிகிரி என்றால், காமிராவை பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி வரை கொண்டு போகலாம். ஏற்காட்டில் 20 டிகிரி என்றால், பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி!

ஆனால் எல்லைவரை போக வேண்டாம். ஏற்காட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 10 என்று ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதே குளிர்ச்சியில், அதே நேரத்துக்கு, மூடியைப் போட்டபடி சில படங்கள் எடுங்கள். அவற்றில் பொய்ப் புள்ளிகள் மட்டும் இருக்கும். உண்மைப் படத்திலிருந்து அவற்றைக் கழித்துவிடலாம்.

கீழே சேலம்!

ஏற்காட்டில் 'லேடீஸ் சீட்' என்ற இடத்தில் நின்றால், இரவில் சேலம் விளக்குகள் அழகாகத் தெரியும். சுற்றுலாப் பயணிக்கு அது விருந்து. வானப் படம் எடுப்பவருக்கு அது வினை.

சேலம், ஏற்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. தெற்கு வானத்தின் அடிப்பகுதியில் நகரத்து வெளிச்சம் ஏறும். மார்ச் மாத நள்ளிரவில் அந்தப் பக்கம்தான் 'கரீனா' என்ற பெரிய ஒளிமேகம் தோன்றும். அது அடிவானத்திலிருந்து 18 டிகிரி உயரம்தான் வரும்.

இதற்குக் கை கொடுப்பது 'ஹைட்ரஜன் ஆல்பா' பில்டர். ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியைச் சுற்றியுள்ள மெல்லிய பட்டையை மட்டும் உள்ளே விடும். நகரத்து வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் இப்படித் தனித்தனி பில்டர்கள் உண்டு.

ஒரே நிற ஒளியில் படம் எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்சிய ஒளியில் மட்டும் சூரியனைப் படம் எடுத்தார்கள்.

ஆனால் ஒன்று. தொலைதூர நட்சத்திர மண்டலங்கள் எல்லா நிறத்திலும் ஒளிர்பவை. அவற்றுக்கு இந்த பில்டர் உதவாது. இருட்டான இடம்தான் வேண்டும்.

எதை வாங்குவது?

முதலில் வாங்க வேண்டியது காமிரா அல்ல! வானத்தோடு சேர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் உறுதியான மோட்டார் தாங்கி. அது ஆடினால் எந்தக் காமிராவும் வீண்.

பெரிய காமிரா வாங்கினால் பெரிய பில்டர் வேண்டும். சிறிய காமிராவுக்கு ஒண்ணேகால் அங்குல பில்டர் போதும். பெரியதற்கு 36 மில்லிமீட்டர் அல்லது 2 அங்குலம். ஒன்றல்ல, ஐந்தாறு வாங்க வேண்டும். இந்தச் செலவைப் பலர் கணக்குப் பார்ப்பதில்லை.

பில்டர்களை ஒரே கம்பெனியில், ஒரே கனத்தில் வாங்குங்கள். மாற்றும்போது படம் மங்குவது குறையும். முதலில் ஹைட்ரஜன் ஆல்பா. அடுத்து ஆக்சிஜன். மற்றவை பிறகு.

ஏற்காட்டில் மூடுபனி சொல்லாமல் வரும். சிவப்பு, பச்சை முடிந்து நீலம் எடுக்கும் முன் பனி மூடினால், படம் அரைகுறைதான். ஆகவே மாதம் ஒரு இரவு மட்டும் மலை ஏறுகிறவர், குளிர்விக்கும் கலர் காமிராவே வாங்கலாம். அதில் நட்டம் இல்லை. மலையிலேயே வசிப்பவர், பல இரவு காத்திருக்கக் கூடியவர், கறுப்பு–வெள்ளை காமிரா வாங்கலாம்.

ஈரத்தையும் மறக்கக்கூடாது. லென்சைச் சுற்றி மின்சாரச் சூட்டுப் பட்டை கட்டாவிட்டால், பனி நீர் படிந்துவிடும்.

விலைக்குக் கிடைக்காதது

ஏற்காட்டுக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1988-ம் ஆண்டு அங்கே ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்தார்கள். கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அத்தகைய வேலைக்கு முதல் தேவை இருட்டு.

காமிராவைக் கடையில் வாங்கலாம். பில்டரையும் வாங்கலாம். இருட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மலையில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள், வாசல் விளக்குக்கு ஒரு தொப்பி போடட்டும். வெளிச்சம் தரையில் மட்டும் விழட்டும். வழியும் தெரியும். வானமும் தெரியும். மின்சாரமும் மிச்சம்!