அரசினர் பணியும் தன்னம்பிக்கையும்

அரசினர் பணி விதிவழி நடப்பது. விதி இன்றேல் பொதுப்பணம் காவலிழக்கும்; குடிமக்கள் யாவரும் ஒருநிகராக நடத்தப்படுதலும் அரிதாகும். ஆயினும், புதியதொன்றைச் செய்ய முனைவானுக்கு அவ்விதியே தடையாதலும் உண்டு. புதுமுறை வெற்றிபெறின் ஊழியன் அடையும் பயன் சிறிது. தோல்வியுறின் அவனிடம் விளக்கங் கோரி வரும் கடிதங்களோ பல. இந்நிலையில் ஒருவன் புதுமை செய்யத் துணிவது எதனால்?

அமெரிக்க உளநூலார் அல்பேட் பந்துரா 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை இதற்கு ஒருவாறு விடை தருகின்றது. குறித்த ஒரு செயலைத் தன்னால் முடித்தல் கூடும் என ஒருவன் கொள்ளும் உறுதியையே அவர் ஆராய்ந்தார். அது செருக்கன்று, எல்லாம் வல்லேன் என்னும் எண்ணமுமன்று. பிறர் வெற்றியைக் காண்டல், பிறர் ஊக்குவிக்கும் சொல், உடலுள நிலை என்பன அவ்வுறுதிக்கு வாயில்களாம். எனினும், தானே முன்பு செய்து பெற்ற வெற்றியே அவற்றுள் தலையாயது.

இதற்குத் தக்க சான்றாவார் தொமஸ் பிளவர்ஸ். 1905இல் கிழக்கு இலண்டனிற் கொத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், தொழில் பயின்றுகொண்டே மாலை வகுப்புகளிற் கற்றுப் பட்டம் பெற்றவர். 1926இல் பிரித்தானியத் தபால் திணைக்களத்திற் சேர்ந்தவர். டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்திலே தொலைபேசி இணைப்புகளுக்கு வால்வு எனப்படும் இலத்திரன் குழாய்களைப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தார்.

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சேர்மானியரின் மறைமொழிச் செய்திகளை ஆராய்ந்த பிளெச்லி பார்க்கிலுள்ளோர் இவர் உதவியை நாடினர். அவர்கள் கருதிய பொறியில் இரு காகித நாடாக்கள் இம்மியும் பிசகாது ஒருங்கே ஓடவேண்டும். ஒன்றன் பணியைப் பொறியினுள்ளேயே இலத்திரன் முறையாற் செய்விக்கலாம் என்றார் பிளவர்ஸ். அதற்கு ஏறக்குறைய 1,600 வால்வுகள் வேண்டும். வால்வோ அடிக்கடி பழுதாவது. அத்துணை வால்வுகள் ஒருங்கே இயங்குமென அங்குள்ளோர் நம்பினாரல்லர். பிளவர்ஸ் அறிந்தது வேறு. மின்னை இடையிடையே நிறுத்தி மீண்டும் செலுத்துவதாலேயே வால்வுகள் பெரிதும் கெடும். இடையறாது இயங்கவிடின் நெடுநாள் நிலைக்கும். இஃது அவர் ஊகித்ததன்று. தொலைபேசிப் பணியிற் கைப்படக் கண்டது.

அவர் விதியை மீறினாருமல்லர். நிலையத் தலைவர் கோர்டன் ராட்லி இசைந்தமையாலேயே வேலை தொடங்கிற்று. இவ்விசைவைச் சிறிதென எண்ணலாகாது. தேர்ந்த ஊழியனின் உறுதியைச் செருக்கினின்றும் பிரித்தறியும் தலைவர் எல்லா அலுவலகத்திலும் வாய்ப்பதில்லை. பிளவர்ஸ் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். அவ்வாண்டு முடியுமுன் கொலோசஸ் என்னும் பொறி இயங்கிற்று. 1944 சனவரியிற் பிளெச்லி பார்க் சேர்ந்த அது, நொடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. திருத்திய இரண்டாம் பொறி, நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, அவ்வாண்டு யூன் 1ஆம் நாள் இயங்கத் தொடங்கிற்று.

போர் முடிந்தபின் அரசு அவருக்கு 1,000 பவுண் அளித்தது. அவர் செலவிட்டதற்கே அது போதவில்லை. அத்தகைய பொறியொன்றை மீண்டும் அமைக்க இங்கிலாந்து வங்கியில் அவர் கடன் கேட்டபோது, அது இயங்காதெனக் கூறி மறுத்தனர் என்பர். அதனை முன்னரே செய்து முடித்தவர் தாமே என்று சொல்ல அரச இரகசியச் சட்டம் அவரை விடவில்லை. 1970களிலேயே அம்மறைவு சிறிது சிறிதாக நீங்கலாயிற்று.