ராகத்துக்கு வளைந்த இயந்திரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பிரஸ் மெஷின் அடிக்கும் சத்தத்தில் ஒரு தாளம் உண்டு: கூடாது, குறையாது, களைக்காது. இப்படிப்பட்ட இயந்திரச் சீரையே இசையின் முதுகெலும்பாக்கினார்கள் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள். 1980களில் சிகாகோவில் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. கார் ஆலைகளின் நகரமான டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸும் நண்பர்களும் டெக்னோ என்ற மின்னணு இசையை உருவாக்கினார்கள்.

அதே காலத்தில் பம்பாயில் நடந்ததுதான் பெரிய ஆச்சரியம். இந்திப் படங்களுக்கு கிட்டார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணு இசைக்கருவிகளை இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து இந்துஸ்தானி ராகங்களைப் பதிவு செய்தார். தாளத்துக்கு டிஆர்-808, ராகத்தை வாசிக்க ஜூபிடர்-8, பேஸ் எனும் கீழ்ச்சுரங்களுக்கு டிபி-303.

இந்த 303 ஒரு சின்னப் பெட்டி. ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் ஒலிக்கும். பதினாறு படிகளில் சுரங்களைப் பதிந்துவிட்டால் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். ஃபில்டர் குமிழைத் திருகினால் மேல்தொனிகள் அடைபட்டு ஒலி மங்கும்; எதிர்ப்பக்கம் திருகினால் அவை திறந்துகொண்டு கூர்மையாகும். பக்கத்திலுள்ள ரெசனன்ஸ் குமிழை ஏற்றினால் ஒலி கீச்சிடும். 'ஸ்லைடு' போட்டால் சுரத்தைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம் சட்டெனத் தாவாமல் சரிந்து மாறும். சுரமும் வழுக்கிக்கொண்டு அடுத்த சுரத்தைத் தொடும்.

ஒற்றைச் சுர வரிசை, வழுக்கல், திரும்பத் திரும்ப ஒலிக்கும் மாறாத ஆதாரம்: ராகத்துக்குத் தேவையானவையும் இவைதானே! தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ் வாசிக்க வேண்டும் என்று செய்த பெட்டி அது. அந்த வேலைக்கு எடுபடாமல் 1984இல் உற்பத்தியே நின்றது. ஆனால் ராகத்துக்கு அது இயல்பாக வளைந்து கொடுத்தது.

பின்னர் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற இசைக்குழுவினர் பழைய 303 ஒன்றை வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' செய்தார்கள். அது 1987இல் வெளிவந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது வகையையே தொடங்கிவைத்தது. சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டோ அன்று விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் வியந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு ஊர்க்காரர்கள், ஒரே கருவியின் இயல்பைத் துருவியதால் ஒரே ஒலியை எட்டியிருக்கிறார்கள்.

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டில் வரும் மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். பூபாளி நம் மோகனம். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு டெக்னோவுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.